தோல் ஓ.பி. போஸ்டிங்: புதிதாக வரும் மருத்துவ மாணவர்களுக்கு

தோல் நோய்ப் பிரிவில் போஸ்டிங் (பயிற்சி முறை) போட்டதும் பாதிப் பேருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. நைட் டியூட்டி இருக்காது, ரத்தம் எடுக்க ஓட வேண்டாம், பதினோரு மணிக்கு கேன்டீனில் இருக்கலாம் என்று ஒரு கணக்கு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையோ, ஸ்டான்லியோ, கீழ்ப்பாக்கமோ, எதுவாக இருந்தாலும் ஓ.பி. (வெளிநோயாளர் பிரிவு) தொடங்கிய அரை மணி நேரத்தில் அந்தக் கணக்கு தப்பிவிடும். ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் பார்த்து, தொட்டு, கேட்டு, மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் மாணவருக்கு எல்லாமே ஒரே அரிப்பாகத்தான் தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நீங்கள் பார்க்கப்போவது புத்தகப் படத்தில் இருக்கும் நோய் அல்ல. மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த டியூப், பாட்டி தடவிய எண்ணெய், யாரோ சொன்ன எலுமிச்சைச் சாறு, குயவர் எழுதிய காவி என்று பலதும் பட்டு உருமாறிப்போன நோய். அதனால் கண்ணால் பார்ப்பது பாதி வேலை. இதுவரை என்ன பூசினார்கள் என்று பொறுமையாகக் கேட்டு வாங்குவது மீதிப் பாதி. இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

முந்தின நாள்

பையில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல், சின்ன டார்ச், பால்பாயின்ட் பேனா, கொஞ்சம் பஞ்சு, ஒரு கண்ணாடி ஸ்லைடு. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். டிபார்ட்மென்டில் இருக்கும், பி.ஜி.யிடம் (முதுநிலை மாணவரிடம்) கேட்டால் காட்டுவார். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். சிரங்கும் சீழும் இருக்கும் இடத்தில் கைநகம் நீளமாக இருந்தால் உங்களுக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல.

படிக்க வேண்டியது அதைவிடக் கொஞ்சம். முந்தின இரவே நானூறு நோய்களை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். மேக்யூல் (மேடில்லாத நிறத்திட்டு), பாப்யூல் (சின்னப் புடைப்பு), பிளாக் (அகலமான தடித்த திட்டு), நாட்யூல் (ஆழமான கட்டி), வெசிக்கிள் (சின்னக் கொப்புளம்), புல்லா (பெரிய கொப்புளம்), பஸ்ட்யூல் (சீழ்க் கொப்புளம்), வீல் (காணாக்கடித் தடிப்பு) என்ற முதல்நிலை மாற்றங்களையும், செதில், பொருக்கு, சொறிந்த கீறல், தடித்துப்போன தோல் என்ற இரண்டாம் நிலை மாற்றங்களையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் முதல் வாரத்துக்குப் போதும்.

எங்கே நிற்பது

கேலியாகத் தெரிந்தாலும் இது முக்கியம். ஓ.பி. அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். ஜன்னலுக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்காதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியாத லேசான நிறமாற்றம் பகல் வெளிச்சத்தில் தெரியும். ஆறு மாணவர்கள் கோட் போட்டுக்கொண்டு ஜன்னலை மறைத்தால் சீஃப் திட்டுவதில் நியாயம் இருக்கிறது.

முதல் இரண்டு நாள் ஒரே பி.ஜி.யோடு ஒட்டிக்கொள்ளுங்கள். மேசைக்கு மேசை தாவினால் ஒன்றும் நிற்காது. சிஸ்டரிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எந்த நாள் தொழுநோய் நோயாளிகள் மருந்து வாங்க வருவார்கள், எந்த அறையில் ஸ்மியர் (கிருமி பார்க்கத் தோலைக் கீறி எடுக்கும் மாதிரி) எடுப்பார்கள், எந்தத் திரைக்குப் பின்னால் கேட்காமல் நுழையக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி.

பார்ப்பது

நோயாளி உட்கார்ந்ததும் கையை நீட்டி “இங்க மட்டும்தான் டாக்டர்” என்பார். அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை நம்ப வேண்டாம். அனுமதி கேட்டு, திரை இழுத்து, எதிர்ப்பாலினத்தவர் என்றால் சிஸ்டரையோ உடன் வந்தவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழுத் தோலையும் பாருங்கள். தலை, காதின் பின்புறம், வாய்க்குள், அக்குள், மார்புக்குக் கீழே, தொப்புள், இடுப்பு, தொடை இடுக்கு, விரல் இடுக்கு, உள்ளங்கை, உள்ளங்கால், நகம். முழங்கையில் செதில் காட்டுபவரின் நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் இருந்தால் சோரியாசிஸ் பக்கம் எண்ணம் போகும். கையில் அரிப்பு என்று வந்த அம்மாவின் இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், வளையமாகப் படர்தாமரை இருக்கும். ஆண்களுக்கு அரைஞாண் கயிறு. வியர்வையில் ஊறி, காயாமல், வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும் கயிறு அது. அதைக் கழற்றச் சொல்வதற்கு முன் வீட்டுப் பெரியவர்களின் மனசையும் கொஞ்சம் யோசியுங்கள். “குணமாகும் வரைக்கும் கழட்டி வைங்க, அப்புறம் புதுசு கட்டிக்கலாம்” என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அதில் ‘சிவப்பு’ என்று போட்டிருப்பது நம் ஊர்த் தோலில் சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரியும், சில சமயம் சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு, அவ்வளவுதான். சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் அழற்சியைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். புறங்கையை வைத்துச் சூடு பாருங்கள், விரலால் தடிப்பு பாருங்கள், பக்கவாட்டில் டார்ச் அடித்து மேடு தெரிகிறதா என்று பாருங்கள். நோய் அடங்கிய பிறகு விட்டுப்போகும் கறுப்புத் தழும்பு நம்மவர்களுக்கு அதிகம். பலர் ஓ.பி.க்கு வருவதே அந்தத் தழும்புக்காகத்தான். “வியாதி போயிடுச்சு, கறை மெதுவா மாசக்கணக்குல மறையும்” என்று சொல்லாமல் அனுப்பினால், அடுத்த வாரம் வேறெங்கோ போய் ஒரு ஸ்டீராய்டு கிரீம் வாங்கிவிடுவார்கள்.

கேட்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். “ஏதாவது மருந்து போட்டீங்களா?” என்று கேட்டால் வரும் பதில் “இல்ல டாக்டர்”. அவர் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் ஊசி, மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

“இதுக்கு என்ன தடவுனீங்கம்மா?”

“தேங்கா எண்ணெதான்.”

“மெடிக்கல் ஷாப்ல டியூப் ஏதாச்சும் குடுத்தாங்களா?”

“ஆமா, ஒரு சின்ன டியூப்.”

“அத தடவுனா ரெண்டு நாள்ல அடங்கிடுமா?”

“அடங்கிடும். விட்டா திரும்ப வந்துடும். முன்னவிட ஜாஸ்தியா வருது.”

முடிந்தது. அந்தக் கடைசி வரி ஸ்டீராய்டு கலந்த டியூப்பின் அடையாளம். குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒன்றிரண்டு பாக்டீரியா மருந்து எல்லாம் ஒரே டியூப்பில் கலந்து விற்கிறார்கள். அரிப்பு சட்டென்று நிற்கும், பூஞ்சை உள்ளே நிம்மதியாக வளரும். மேல்பூச்சு ஸ்டீராய்டுகளை 2018இல் ஷெட்யூல் ஹெச் பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், அதாவது சீட்டில்லாமல் விற்கக் கூடாது. கடைத்தெருவில் நடப்பதை நோயாளியே சொல்வார். டியூப் பெயர் ஞாபகம் இல்லை என்றால், வீட்டில் இருப்பவரை அதைப் படம் பிடித்து போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். அந்த ஒரு படம் பல நேரம் பாதி டயக்னோசிஸ்.

ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை வளையமாக இருக்காது. ஓரம் மங்கி, வளையத்துக்குள் வளையமாகவோ, ஒழுங்கில்லாத கறுப்புத் திட்டாகவோ இருக்கும். பூசிய தொடையில் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்திருக்கும். முகத்தில் ‘சிகப்பழகு’க்காக மாதக்கணக்கில் பூசியவர்களுக்குப் பரு, மெல்லிய ரத்தக்குழாய்கள், முகத்தில் ரோமம், வெயிலில் போனால் எரிச்சல். நிறுத்தினால் ஒரு வாரத்தில் முகம் கொதிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் நிறுத்தச் சொன்னால் திரும்ப அந்த டியூப்பிடமே போய்விடுவார்கள். இதோடு இன்னொன்று: டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்ற பூஞ்சை நம் நாட்டில் பரவலாக இருக்கிறது. 2020இல்தான் அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். “முன்னெல்லாம் ரெண்டு வாரத்துல போயிடும், இப்ப மாசக்கணக்கு ஆகுது” என்று நோயாளிகள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேறு கேள்விகளும் இருக்கின்றன. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பா, ராத்திரி அதிகமா என்பது ஸ்கேபிஸுக்கு (தொற்றும் சொறி). ஒரே டவலா, துவைத்த உள்ளாடை வெயிலில் காய்கிறதா அல்லது பாத்ரூமில் தொங்குகிறதா என்பது பூஞ்சைக்கு. என்ன வேலை என்று கேட்காமல் கையில் வந்த எக்சிமாவை (அரிப்போடு வரும் தோல் அழற்சி)ப் பார்க்கவே கூடாது. சிமென்ட் கலவையில் குரோமேட் இருக்கிறது, ஹேர் டையில் பி.பி.டி. என்ற ரசாயனம் இருக்கிறது, கவரிங் நகையில் நிக்கல் இருக்கிறது, எல்லாம் ஒவ்வாமை தருபவை. நெற்றி நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் இருந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசையைச் சந்தேகியுங்கள். கடைசியாக என்ன மாத்திரை சாப்பிட்டார்கள் என்பதையும் ‘காய்ச்சலுக்கு, தலைவலிக்கு, பேதிக்கு’ என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். உதட்டிலோ பிறப்புறுப்பிலோ ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கறுப்பாக, வட்டமாக வந்தால் அது மாத்திரையால் வரும் ஃபிக்ஸட் டிரக் எரப்ஷன். மாத்திரை பெயரைக் கண்டுபிடிக்காமல் விட்டால் திரும்ப வரும்.

காவியும் வேப்பிலையும்

அக்கிக்குக் குயவரிடம் போய்க் காவி எழுதிக்கொள்வது இன்னும் நடக்கிறது, சென்னைக்குள்ளும் நடக்கிறது. உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் காவி பூசிக்கொண்டு ஒருவர் வந்து உட்கார்ந்தால், அடியில் அக்கி, அதாவது ஹெர்பிஸ் ஜோஸ்டர், இருக்கிறதா என்று பாருங்கள். காவிக்கு அடியில் கொப்புளம் தெரியாது. சலைனில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிட்டுத்தான் பார்க்க முடியும், அழுத்தித் தேய்த்தால் கொப்புளம் உடைந்து வலிக்கும். “இதெல்லாம் ஏன் பண்ணீங்க” என்று ஆரம்பிக்காதீர்கள். என்றைக்குக் காவி எழுதினார்கள் என்று கேளுங்கள், நோய் தொடங்கிய நாள் அதிலிருந்து கிடைத்துவிடும். வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் என்பதால் அந்த நாள் முக்கியம். மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண் டிபார்ட்மென்டுக்கு அன்றே அனுப்ப வேண்டும். சின்ன வயசுக்காரருக்கு அக்கி வந்தால் ஹெச்.ஐ.வி. பரிசோதனை பற்றிப் பேசுவார்கள். அதை நீங்கள் பேச வேண்டாம், எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்.

அம்மைக்கு வேப்பிலை வைத்து, குளிக்காமல், மருந்து தொடாமல் இருப்பவர்கள் ஓ.பி.க்கு வருவதே பெரிய விஷயம். வேப்பிலையோடு சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை. அது வீட்டில் இருக்கட்டும், மாத்திரையும் சாப்பிடட்டும். ஆனால் உங்களில் அம்மை வராதவர்கள், தடுப்பூசி போடாதவர்கள், கர்ப்பிணிகள் அந்த அறையிலிருந்து விலகி நிற்கணும்.

விவரித்துவிட்டுப் பெயர் சொல்வது

கேஸ் சொல்லும்போது மாணவர்கள் செய்வது பெரும்பாலும் இதுதான்: “சார், தொடையில ரவுண்டா இருக்கு, அரிப்பு, டீனியா சார்.” சார் எதிர்பார்ப்பது வேறு: “இரண்டு தொடை இடுக்கிலும், ஆறு சென்டிமீட்டர் அளவுக்கு, தெளிவான ஓரமுள்ள, கருஞ்சிவப்பு பிளாக். ஓரத்தில் செதிலும் சின்னப் பாப்யூல்களும் இருக்கின்றன, நடுப்பகுதி தெளிந்திருக்கிறது. இடுப்பிலும் அதே மாதிரி ஒன்று. விதைப்பையில் இல்லை. இரண்டு மாதமாக ஒரு டியூப் பூசுகிறார்.” இதைச் சொல்லிவிட்டால் டீனியா (படர்தாமரை) என்று நீங்கள் வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம், சார் சொல்லிவிடுவார். இடம், எண்ணிக்கை, அளவு, வடிவம், நிறம், மேற்பரப்பு, ஓரம், பரவியிருக்கும் விதம் என்று எப்போதும் ஒரே வரிசையில் சொல்லப் பழகுங்கள். அளவுக்கு ஸ்கேல் இருக்கிறது. ‘எட்டணா சைஸ்’ என்றால் இப்போது யாருக்கும் புரியாது.

கையால் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியவை

பூஞ்சையைக் கண்டுபிடிக்கும் கே.ஓ.ஹெச். பரிசோதனையை இந்தப் போஸ்டிங் முடிவதற்குள் நீங்களே செய்திருக்க வேண்டும். முதலில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், இல்லையென்றால் ஸ்லைடு முழுக்க ஆயின்மென்ட் சொட்டுகள்தான் தெரியும். பிளேடின் மழுங்கிய பக்கத்தால் நடுவில் சுரண்டாமல், செதில் இருக்கும் ஓரத்தில் சுரண்டுங்கள். பூஞ்சை உயிரோடு பரவிக்கொண்டிருக்கும் இடம் அதுதான். வெள்ளைத் தூள் ஸ்லைடில் விழுந்ததும் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு, மேலே கவர்ஸ்லிப், பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமை. நகம் என்றால் கரைசல் இன்னும் அடர்த்தியாக வேண்டும், நேரமும் கூட வேண்டும். அவசரப்பட்டு ஸ்லைடைச் சுடவைத்துக் கொதிக்கவிட்டால் உப்புப் படிகம்தான் மிஞ்சும்.

மைக்ராஸ்கோப்பில் கன்டென்சரை (வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸை) இறக்கி வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழு வெளிச்சத்தில் பூஞ்சை இழைகள் கண்ணுக்கே படாது, எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் பத்து மடங்கு லென்ஸ், அப்புறம் நாற்பது. தோல் செல்களின் எல்லைக் கோடுகளைச் சட்டை செய்யாமல், அவற்றைத் தாண்டிக்கொண்டு, மினுங்கலாக, கிளை விட்டு ஓடும் இழை தெரிந்தால் அது ஹைஃபா, அதாவது பூஞ்சை இழை. எல்லைக் கோட்டை ஒட்டியே வளைந்து வளைந்து போனால் அது பூஞ்சையே அல்ல. சட்டை நூலின் இழையும் ஏமாற்றும், ஆனால் அது தடிமனாக இருக்கும், கிளை விடாது. தேமலில் குட்டைக் குட்டையான இழைகளும் கொத்துக் கொத்தாக உருண்டைகளும் சேர்ந்து தெரியும். அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

மற்றவை சுலபம். சிவந்த புள்ளியின் மேல் கண்ணாடி ஸ்லைடை அழுத்துங்கள். வெளுத்தால் ரத்தக்குழாய் விரிந்திருக்கிறது, வெளுக்காவிட்டால் ரத்தம் கசிந்திருக்கிறது, உடனே சீனியரிடம் காட்டுங்கள். தேமல் திட்டை நகத்தால் லேசாகக் கீறினால் பொடிச் செதில் எழும். வுட்ஸ் லேம்ப் (புற ஊதா விளக்கு) இருட்டறையில்தான் வேலை செய்யும், கதவு ஓரம் வெளிச்சம் கசிந்தால் பிரயோஜனமில்லை. வெண்புள்ளி அதில் பளிச்சென்று நீலவெள்ளையாகத் தெரியும், எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று பவளச் சிவப்பாகத் தெரியும்.

உணர்ச்சியில்லாத திட்டு

வெளிர்ந்த திட்டோடு வரும் ஒவ்வொருவருக்கும் தொழுநோயை நினைக்க வேண்டும், ஆனால் வாயால் சொல்லக் கூடாது. குழந்தைகளின் கன்னத்தில் வரும் வெளிர்த்திட்டு பெரும்பாலும் பிட்டிரியாசிஸ் ஆல்பா என்ற ஆபத்தில்லாத திட்டு, தாய்மார்கள் பயந்துபோய் வருவார்கள். அந்தப் பயத்துக்கு முன்னால் நீங்கள் நண்பனிடம் “ஹான்சன்ஸா (தொழுநோயா) இருக்குமா?” என்று கிசுகிசுத்தால்கூட அவர்கள் உங்கள் முகத்தைப் படித்துவிடுவார்கள்.

சோதனையை ஒழுங்காகச் செய்யுங்கள். பஞ்சை நுனியில் திரித்துக்கொண்டு, முதலில் நல்ல தோலில் கண் திறந்திருக்கும்போதே தொட்டுக் காட்டி, “இப்படித் தொடுவேன், தொட்ட எடத்த வெரலால காட்டுங்க” என்று சொல்லுங்கள். அப்புறம் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொட வேண்டும், இழுக்கக் கூடாது. திட்டிலும் நல்ல தோலிலும் மாற்றி மாற்றி, தாளம் இல்லாமல் தொடுங்கள், இல்லையென்றால் ஊகித்தே காட்டிவிடுவார்கள். “தெரியுதா, தெரியுதா” என்று கேட்டுக்கொண்டே செய்வது சோதனையே அல்ல. முகத்தில் நரம்பு வளம் அதிகம். அங்கே திட்டில் உணர்ச்சி இருப்பதால் மட்டும் தொழுநோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

அடுத்தது நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்ப்பது. முழங்கையை மடக்கி உள்பக்க எலும்பு முனைக்குப் பின்னால் அல்னார். முழங்காலை மடக்கி உட்காரவைத்து ஃபிபுலா எலும்பின் கழுத்தில் காமன் பெரோனியல். தலையை எதிர்ப்பக்கம் திருப்பச் சொன்னால் கழுத்தில் ஓடும் கிரேட் ஆரிக்குலர். விரல் நுனியால் குத்தாமல் விரலின் சதைப் பகுதியால் உருட்டிப் பாருங்கள், இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். உருட்டும்போது உங்கள் கண் நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும், வலியை முகம்தான் முதலில் சொல்லும். வலிக்கும் நரம்பு என்றால் நோயெதிர்ப்பு அழற்சியான ரியாக்‌ஷன் இருக்கலாம். தாமதித்தால் கை மடங்கிப்போகும், கால் தொங்கிப்போகும்.

தொழுநோயில் ஐந்து திட்டு வரை இருந்து, ஸ்மியரில் கிருமி இல்லையென்றால் ஒரு வகை, அதற்கு மேல் என்றால் இன்னொரு வகை. சிகிச்சை முறையே ஆறு மாதம், பன்னிரண்டு மாதம். மாத்திரை அட்டை இலவசம். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும், குளோஃபாசிமின் சாப்பிட்டால் தோல் கறுக்கும் என்று முதல் நாளே சொல்லாவிட்டால், பயந்துபோய் இரண்டாம் மாதம் வர மாட்டார்கள். டாப்சோன் தொடங்கி சில வாரங்களில் காய்ச்சலும் தடிப்பும் மஞ்சள் காமாலையும் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்வதும் அதே முதல் நாள் பேச்சில் சேர்த்தி. நம் நாடு 2005இல் தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக அறிவித்தது. புதிய நோயாளிகள் அதற்கப்புறமும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நீங்களும் பார்ப்பீர்கள்.

பால்வினை நோய்ப் பகுதி

சென்னைக்கும் இந்தத் துறைக்கும் பழைய உறவு. 1835இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்க்கென்றே தனி நிலையம் இருக்கிறது. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் இங்கே 1986இல் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். அவற்றைச் சேகரித்தவர் அந்தக் கல்லூரியின் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா, வழிகாட்டியவர் சுனிதி சாலமன். ஒரு மாணவியின் ஆய்வுக் கட்டுரை வேலைதான் அது. ‘நான் சும்மா ஸ்டூடன்ட்’ என்று சொல்லிக்கொள்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே கதவு மூடியிருக்க வேண்டும், குரல் தணிந்திருக்க வேண்டும், மாணவர்கள் ஒருவர் அல்லது இருவருக்கு மேல் வேண்டாம். நோயாளி வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் வெளியே வந்துவிடுங்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்பதை வைத்து எதையும் ஊகிக்காதீர்கள். துணை ஒருவரா பலரா, ஆணா பெண்ணா, ஆணுறை உண்டா என்று நேராக, அலட்டாமல் கேட்கும் சீனியரின் தொனியைக் கவனியுங்கள். புத்தகத்தில் அது கிடைக்காது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு என்றால் சிஃபிலிஸ் பரிசோதனை ஞாபகத்துக்கு வரட்டும். ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும், முடிவை வெளியே சொல்வதும் 2017ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி. சட்டப்படி தவறு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் பால்வினை நோய் என்றால் போக்சோ சட்டம் வருகிறது. நீங்கள் துருவிக் கேட்க வேண்டாம், அந்த நிமிடமே சீனியரைக் கூப்பிடுங்கள்.

வரிசையை மீறி உள்ளே அனுப்ப வேண்டியவர்கள்

டோக்கன் வரிசையில் நிற்பவர்களை நடந்து போகும்போது ஒரு பார்வை பாருங்கள். காய்ச்சலோடு தோல் எரிகிறது, வாயும் கண்ணும் புண்ணாகியிருக்கிறது, ஒரு சில வாரங்களுக்குள் வலிப்பு மாத்திரையோ வேறு புது மாத்திரையோ தொடங்கியிருக்கிறார் என்றால் அவர் வரிசையில் நிற்கக் கூடாதவர். உடம்பு முழுக்கச் சிவந்து உரிந்து நடுங்குபவர், தடிப்போடு உதடு வீங்கி மூச்சுத் திணறுபவர், காய்ச்சலோடு அமுக்கினாலும் வெளுக்காத புள்ளிகள் உள்ளவர், தோலில் தெரிவதைவிட வலி பல மடங்கு இருக்கும் காலோடு வருபவர், உடம்பெல்லாம் கொப்புளம் உடைந்து கிடக்கும் பெரியவர் ஆகியோரும் அப்படித்தான். உங்களுக்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை, சிஸ்டரிடம் சொன்னால் போதும்.

மருந்துச் சீட்டுக்குப் பின்னால்

சீட்டு எழுதியதோடு வைத்தியம் முடிந்தது என்று நினைப்பவர்கள் தோல் ஓ.பி.யில் தேற மாட்டார்கள். எவ்வளவு பூசுவது என்பதைக் காட்ட வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூப்பிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். இந்தக் கணக்குப்படி 15 கிராம் டியூப் முப்பது தடவைக்கு வரும். இரண்டு தொடையும் இடுப்பும் படர்ந்தவருக்கு ஒரே ஒரு டியூப் எழுதினால் எத்தனை நாள் வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஸ்கேபிஸுக்குப் பெர்மெத்ரின் கிரீம் கொடுத்தால், கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நக ஓரம், தொப்புள் விடாமல், இரவு பூசிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரத்தில் மறுபடி ஒரு முறை. அரிப்பு இருக்கிறவர் மட்டும் பூசினால் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். சின்ன வீட்டில் எட்டுப் பேர் என்றால் அத்தனை டியூப் வாங்க முடியுமா என்பதையும் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் எழுதும் சீட்டு மடித்து வைக்கத்தான் ஆகும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினால் ‘வாரம் ஒரு நாள்’ என்பதை நோயாளியின் வாயால் திருப்பிச் சொல்ல வையுங்கள், எந்தக் கிழமை என்றும் கேளுங்கள். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

பருவத்தையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் வேர்க்குருவும் படர்தாமரையும் குவியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீரில் நின்றவர்களின் கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். சின்ன வண்டை உடம்பில் நசுக்கியதால் கோடு போட்ட மாதிரி எரிந்து கொப்பளித்து வருபவர்களை எல்லோரும் அக்கி என்பார்கள். கோடு எந்தத் திசையில் போகிறது, நரம்புப் பாதையை ஒட்டியா என்று பாருங்கள்.

படமும் லாக் புக்கும்

சம்மதம் இல்லாமல் படம் எடுக்காதீர்கள், சொந்த போனில் எடுக்கவே எடுக்காதீர்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் ‘இன்ட்ரஸ்டிங் கேஸ்’ என்று போட்டால், பச்சை குத்திய கையும் தாலிக்கயிறும் போதும், யார் என்று ஊரே கண்டுபிடித்துவிடும். பார்த்ததை வரைந்து பழகுங்கள். உடம்பின் கோட்டுப்படத்தில் எங்கெங்கே என்று புள்ளி வைத்தால் பரவியிருக்கும் விதம் மனசில் நிற்கும், பெயரும் ஓ.பி. எண்ணும் அதில் வேண்டாம்.

லாக் புக்கில் அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைசி நாள் மொத்தமாக நீட்டினால் ஏ.பி. (உதவிப் பேராசிரியர்) முகத்தில் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். போஸ்டிங் முடிந்த பிறகும் உங்கள் யூனிட்டின் ஓ.பி. நாள் காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் எட்டிப் பாருங்கள். நீங்கள் முதல் வாரம் சுரண்டி ஸ்லைடு போட்ட நோயாளி ரிவ்யூவுக்கு வந்திருப்பார். அடங்கியிருக்கிறதா, எத்தனை டியூப் தீர்த்தார், நடுவில் வேறு எதையாவது பூசினாரா என்று பி.ஜி. கேட்பதற்கு முன் நீங்களே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.